அம்மாவின் குரல் எட்டிய தூரம்

சரவணா,

நீ துபாயிலிருந்து டைப் செய்து அனுப்பிய புகார் மனுவை, கச்சிராயபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து ஒன்பது நாளாகிறது. காலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டாயா, ஸ்டேஷனில் கொடுத்தாயா என்று நீ தினமும் கேட்கிறாய். கண் மங்கலாக இருக்கிறது, எஸ்.ஐ. பந்தோபஸ்துக்குப் போய்விட்டார், இன்றைக்கு நாள் சரியில்லை என்று நானும் தினமும் ஒன்று சொல்கிறேன். முப்பத்தோரு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட் வாங்காதவன் சொல்லும் சாக்கைக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம், சொல்லிப் பழக்கமில்லை. கைவசம் இருந்ததும் தீர்ந்துவிட்டது. போனில் சொன்னால் நீ பாதியில் கோபப்படுவாய், நான் பயந்துபோய்ப் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீயும் உட்கார்ந்து கடைசிவரை படி.

மனுவை நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். "காது கேளாத, வாய் பேச இயலாத என் தாயாரைக் கவனித்துக்கொள்ள வந்த மலர் என்பவர், வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில், அவர் கையைக் கட்டிப்போட்டு, கொதிக்கும் வெந்நீர்ப் பையைத் தொடையின் அடியில் வைத்து" என்று போகிறது. இதில் 'வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரத்தில்' என்பது நான் சொல்லி நீ எழுதியது. அது பொய். நான் வீட்டில்தான் இருந்தேன். மருந்துக் கடைக்குப் போகவில்லை, எங்கேயும் போகவில்லை. உனக்குப் புரியும்படி முதலிலிருந்து சொல்கிறேன்.

அம்மா துணி துவைக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்ததும், கள்ளக்குறிச்சியில் ஆபரேஷன் செய்து பிளேட் வைத்து வீட்டுக்கு அனுப்பியதும் உனக்குத் தெரியும். லீவு முடிந்து நீ கிளம்பும்போது என்னைப் பார்த்தே சொன்னாய், உன்னால் அம்மாவைத் தூக்க முடியாதுப்பா என்று. சரிதான். எனக்கும் எழுபது ஆகப்போகிறது, இரண்டு கண்ணிலும் புரை. நீ நெட்டில் தேடி ஒரு ஹோம் நர்ஸ் கம்பெனியைப் பிடித்தாய். அவர்கள் அனுப்பிய ஃபாரத்தை நாம் இருவரும் போனிலேயே பூர்த்தி செய்தோம், ஞாபகமிருக்கிறதா? எடை என்ன, சுகர் உண்டா, பிரஷர் உண்டா, அசைவம் சாப்பிடுவாரா என்று எல்லாம் கேட்டிருந்தார்கள். வலித்தால் எப்படிச் சொல்வார் என்று மட்டும் கேட்கவில்லை. நமக்கும் அது தோன்றவில்லை. காது கேட்காது, வாய் பேசாது என்று ஒரு வரி எழுதிவிட்டு, பெரிய வேலை முடிந்தாற்போல் இருந்துவிட்டோம்.

மலர் வந்தாள். வெள்ளிமலைப் பக்கத்து மலைக்கிராமம், முப்பத்தைந்து வயது இருக்கும். குளிப்பாட்ட, புரட்டிப் படுக்க வைக்க, சாப்பாடு ஊட்டப் பத்து நாள் பயிற்சி கொடுத்திருந்தார்கள். காது கேட்காதவர்களைப் பற்றி அந்தப் பத்து நாளில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். வந்த அன்றே அவள் என்னிடம் கேட்டாள், அம்மாவின் ஜாடை எல்லாவற்றையும் சொல்லிக் கொடுங்கள் என்று. கேட்டாள் சரவணா, இதை நீ குறித்துக்கொள். நான் தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், போதும் என்று நான்கு ஜாடை காட்டிவிட்டு எழுந்துவிட்டேன். இருநூறு முந்நூறு ஜாடை இருக்கிற பாஷை அது. எலவனாசூர்கோட்டையில் உன் அம்மா பிறந்த காலத்தில் காது கேட்காத பெண்ணைப் பள்ளிக்கு யார் அனுப்பினார்கள்? அவள் பாஷையை அவளே உண்டாக்கிக்கொண்டாள். அவளைப் பெற்றவர்கள் போன பிறகு உலகத்திலேயே அது தெரிந்தவர்கள் நீயும் நானும்தான். டிவி செய்தியில் ஓரமாக நின்று கை காட்டுகிற அம்மாளை வீட்டுக்கே கூட்டி வந்தாலும் உன் அம்மா சொல்வது விளங்காது. அதில் நான்கைக் கொடுத்துவிட்டு, வலி என்பதை விட்டுவிட்டேன். முஷ்டியை மடக்கி வலிக்கிற இடத்தில் வைத்துத் திருகுவாளே, அது.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னேன். "அது அப்பப்ப ஒரு மாரி சத்தம் போட்டுகினு இருக்கும்மா. அதெல்லாம் நீ கண்டுக்காத." மலர் தலையாட்டினாள்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இந்த ஒன்பது நாளும் யோசித்துப் பார்க்கிறேன். புதிதாக வருகிற யாரிடமும் நான் அப்படித்தான் சொல்வேன். பால்காரர், கேபிள்காரர், ஏன், பெண் பார்க்கப் போனபோது உன் மாமனார் வீட்டிலும் அதைத்தான் சொன்னேன். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னால் நானே முந்திக்கொள்வேன். டெப்போவில் என்னைக் கேலி செய்வார்கள், விசில் ஊதிப் பிழைக்கிறவனுக்கு விசில் கேட்காத பெண்டாட்டி என்று. நானும் சேர்ந்து சிரிப்பேன். நாள் முழுக்கக் கத்திவிட்டு வருகிறவனுக்கு வீட்டில் அமைதிதானே வேண்டும் என்று பதிலும் சொல்வேன். ஆனால் அவள் அமைதியான பெண் இல்லை. சந்தோஷம் வந்தாலும் கோபம் வந்தாலும் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் வரும். அந்தக் குரல்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஜாடை எதற்கும் நான் வெட்கப்பட்டதில்லை. குரலுக்கு வெட்கப்பட்டேன்.

நீ ஆறாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் ஓட்டப் பந்தயத்துக்குக் கோப்பை வாங்கினாய். உன் கையில் கோப்பையைக் கொடுத்ததும் அம்மா எழுந்து நின்று குரல் கொடுத்தாள். முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள், சில பிள்ளைகள் அதேபோலக் கத்திக் காட்டிச் சிரித்தார்கள். மேடையில் உன் முகம் சுண்டிவிட்டது. நான் அவளைத் தோளைப் பிடித்து உட்கார வைத்து, வாயை மூடு என்று ஜாடை காட்டினேன். அன்றிலிருந்து வெளியே எங்கே போனாலும் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொள்வாள். திருநாவலூரில் உன் கல்யாணத்தின்போதும், நீ தாலி கட்டும் நேரத்தில், அப்படித்தான் நின்றாள். வீடியோவை எடுத்துப் பார், தெரியும். உனக்கு அப்போது பதினோரு வயது, உன்னைச் சொல்லிக் குற்றமில்லை. நாற்பது வயது மனுஷன் நான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்றை நீ அறியமாட்டாய். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நான் டியூட்டிக்குப் போய்விட்டால் வீட்டில் அவளும் நீயும் மட்டும்தான். நீ அழுதால் அவளுக்கு எப்படித் தெரியும் என்று ஊரே கவலைப்பட்டது. அவள் தூளியிலிருந்து பழைய சேலைக் கிழிசல் ஒன்றைக் கட்டி, மறுமுனையைத் தன் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு அடுப்பங்கரையில் உட்கார்ந்து சமைப்பாள். நீ உதைத்து அழ ஆரம்பித்தால் அவள் விரல் இழுபடும். நீ அழுது அவள் வராத நாள் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு தடவை ஓடி வந்த வேகத்தில் அந்த விரல் நகமே பெயர்ந்துவிட்டது, இன்னும் கோணலாகத்தான் முளைத்திருக்கிறது.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். ஆபரேஷன் தையலில் சீழ் கோத்திருந்ததால் இடது மணிக்கட்டில் ஊசி பொருத்தி, நகராமல் ஒரு சின்ன அட்டையை வைத்துப் பிளாஸ்திரி போட்டிருந்தார்கள். அரிப்புத் தாங்காமல் அம்மா வலது கையால் இரண்டு தடவை அதைப் பிடுங்கிவிட்டாள். மூன்றாவது தடவை ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து மாட்டிவிட்டுப் போனதும் மலர் என்னிடம் வந்து, மருந்து இறங்கி முடிகிறவரைக்கும் வலது கையைக் கட்டிலோடு லேசாகக் கட்டிவைக்கலாமா என்று கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. என் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். வேறு நோயாளியாக இருந்தால் கைதான் கட்டப்படும், அவளுக்கு வாயையே கட்டினாற்போல. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கைகளோடு பேசிக்கொண்டிருக்கிற எனக்கு அது உறைக்கவில்லை. மலருக்கு எப்படி உறைக்கும்?

காலை பதினோரு மணி இருக்கும். இடுப்பு வலிக்கு ஒத்தடம் கொடுக்க மலர் வெந்நீர்ப் பையை இடுப்புக்கு அடியில் வைத்துவிட்டுக் கஞ்சி காய்ச்சப் போனாள். துணி சுற்றாமல் வைத்தாள், தன் கையில் வைத்துச் சூடு பார்க்கவில்லை. அது அவள் தப்புதான், இல்லை என்று சொல்ல வரவில்லை. பை சரிந்து தொடைக்கு அடியில் போய்விட்டது. ஆபரேஷன் ஆன கால், அம்மாவால் நகர்த்த முடியாது. குரல் கொடுக்க ஆரம்பித்தாள். மலர் அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள். நான் சொன்னபடி கண்டுகொள்ளவில்லை.

அந்த நேரத்தில்தான் நீ போன் செய்தாய். உன் மகனை ஸ்கூலில் சேர்த்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய். நடுவில் நிறுத்திவிட்டு நீ கேட்டது எனக்கு வார்த்தை மாறாமல் ஞாபகமிருக்கிறது. "இன்னாப்பா, அம்மா இப்படிக் கத்துது?" நான் சொன்னதும் ஞாபகமிருக்கிறது. "ஒண்ணும் இல்லடா, எப்பவும் போடற சத்தம்தான். நீ சொல்லு." சொல்லிவிட்டு, நீ பேசுவது சரியாகக் கேட்கவேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு வெளியே கொய்யா மரத்தடிக்குப் போய்விட்டேன். அங்கேயும் கேட்டது. பத்து நிமிஷம் பேசியிருப்போம். நீ ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து சரியாகக் கேட்டாய். ஜன்னலுக்கு வெளியே இருபது அடியில் நின்ற நான்தான் உன்னையும் சமாதானப்படுத்தினேன்.

உள்ளே போனபோது மலர் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதுகொண்டிருந்தாள். கையகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. அம்மாவின் வலது கையைப் பார்த்தேன். துண்டு முறுக்கிக்கொண்டு மணிக்கட்டு சிவந்து கிடந்தது, விரல்கள் மட்டும் மடங்கி மடங்கித் திருகிக்கொண்டிருந்தன. வலி என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அன்று மதியம் உனக்குப் போன் செய்தபோது, உன் கோபத்தைக் கேட்டதும் பயந்துவிட்டேன். மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து நடந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். நீ கம்பெனிக்கு எழுதினாய், அவர்கள் மறுநாளே மலரை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். கம்பெனி ஆள் வந்து விசாரித்தபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்தது, திரும்பி நின்றுகொண்டேன்.

நான்கு நாளைக்கு முன்னால் காலை பஸ்ஸில் மலர் மலையிலிருந்து இறங்கி வந்தாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து நான் வாசலை மறித்து நின்றேன். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழேயே நின்றாள். போலீசில் புகார் போகப்போகிறது என்று கம்பெனியில் சொன்னார்களாம். "ஐயா, என்னைக் கூப்ட்டு விசாரிச்சா இன்னா சொல்றதுங்க? கண்டுக்காதன்னு நீங்க சொன்னதையும், துண்டு குடுத்ததையும் சொல்லட்டுமா, வேணாமா? உங்களைக் கேட்டுகினு சொல்லலாம்னு வந்தேன்." நான் சொல்லாதே என்றால் சொல்லியிருக்க மாட்டாள். அதுதான் என்னை அடித்துப் போட்டது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், அந்தச் சாமர்த்தியம் எனக்கு உண்டு. வாசலிலிருந்து விலகி வழிவிட்டேன்.

அம்மா அவளைப் பார்த்துப் பயந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். பயப்படவில்லை, கையை அசைத்துக் கிட்டே கூப்பிட்டாள். மலர் கட்டிலோரம் உட்கார்ந்ததும் அவள் கையைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி முஷ்டியாக்கி, தன் தொடைக்கட்டின் மேல் கொண்டுபோய் மெதுவாகத் திருகிக் காட்டினாள். வலி. நான் சொல்லிக் கொடுக்காமல் விட்டதை அவளே சொல்லிக் கொடுத்தாள். மலர் அதைத் திருப்பிச் செய்து காட்டினாள், தப்பாகச் செய்தாள், அம்மா திருத்தினாள். பிறகு அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

இவ்வளவு நாள் அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கட்டிலிலிருந்து பார்த்தால் ஜன்னல் வழியாகக் கொய்யா மரம் தெரியும் என்பதை நான் அதுவரை யோசிக்கவே இல்லை. நான் போனோடு அங்கே நின்றதை அவள் அன்றைக்கே பார்த்திருக்கிறாள். பார்த்தும் என்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஏன் தெரியுமா? பிறந்ததிலிருந்து ஒரு சத்தமும் கேட்டறியாதவள். தன் குரல் எவ்வளவு தூரம் போகும் என்பது அவளுக்குத் தெரியாது. மரத்தடி வரைக்கும் போகாது போலிருக்கிறது என்று தானாகவே ஒரு சமாதானம் செய்துகொண்டிருக்கிறாள். அன்று மலர் பக்கத்தில் இருந்த தைரியமோ என்னவோ, கேட்டாள். தன் தொண்டையைத் தொட்டாள். விரலை அங்கிருந்து ஜன்னலுக்கு நீட்டினாள், ஜன்னலிலிருந்து மரத்துக்கு, மரத்திலிருந்து என் காதுக்கு. பிறகு உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வந்ததா?

வரவில்லை என்று தலையை ஆட்டியிருக்கலாம். நம்பியிருப்பாள். நம்புவதற்குத் தயாராகத்தான் கேட்டாள். உன்னிடம் ஒரு பொய் சொல்லி அது ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்து ஸ்டேஷன் வரைக்கும் போய் நிற்பதைப் பார்த்துவிட்டேன், இன்னொன்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. வந்தது என்று தலையசைத்தேன். கேட்டுக்கொண்டுதான் நின்றேன் என்று ஜாடையிலும் சொன்னேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

நாம் கோபம் வந்தால் பேசாமல் இருப்போம், எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழுந்துகொண்டுதான் இருக்கும். அவள் கண்ணை மூடிவிட்டால் நான் என்ன சொன்னாலும் அவளிடம் போய்ச் சேராது. மன்னித்துவிடு என்று எந்தக் கையால் யாரிடம் காட்டுவது? நான்கு நாளாக நான் கிட்டே போனால் மூடிக்கொள்கிறாள். மலர் வந்தால் திறக்கிறாள். மலர் இப்போது கச்சிராயபாளையத்தில் அக்கா வீட்டில் தங்கிக்கொண்டு தினமும் காலையில் வருகிறாள், நீ பிடித்த நர்ஸ் கம்பெனி சொல்லி அல்ல, அம்மா வரச்சொல்லி. நாற்பது ஜாடைக்கு மேல் படித்துவிட்டாள். அம்மாவுக்கு வலி எப்படி இருக்கிறது, ராத்திரி தூங்கினாளா, கஞ்சியில் உப்பு போதுமா என்பதெல்லாம் மலர் கேட்டுச் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது.

புண் இன்னும் ஆறவில்லை. சுகர் இருப்பதால் நாளாகும் என்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்கிறார். எனக்கும் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது என்கிறார்கள். அதனால் உன்னிடம் சிலவற்றைக் கேட்கிறேன். மனுவில் நான் கையெழுத்துப் போடமாட்டேன். போட்டே ஆகவேண்டும் என்றால் மலர் பெயர் இருக்கும் இடத்தில் என் பெயரை டைப் செய்து அனுப்பு, போடுகிறேன். கம்பெனிக்கு எழுது, அப்பா பொய் சொன்னார் என்றே எழுது, அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு வேறு வீட்டில் வேலை கிடைக்கும். லீவு கேட்டு வா. வரும்போது மருமகளையும் பேரனையும் கூட்டி வா, அம்மாவின் பாஷையை அவர்களும் படிக்கட்டும். அவள் பார்க்காதபோது பின்னாலிருந்து தொட்டுத் தூக்கக் கூடாது, முகத்துக்கு நேரே வந்து நின்று சொல்லிவிட்டுத்தான் எதையும் செய்யவேண்டும், எந்த டாக்டர் சொன்னாலும் இரண்டு கையையும் ஒரே நேரத்தில் கட்ட விடக்கூடாது. இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக் கொடு. எப்போதாவது குரல் கேட்டால் ஓடு. ஒன்றும் இல்லாவிட்டால் திரும்பி வந்துகொள்ளலாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள், ஆனால் வா.

மலர் இன்றைக்கு மலைக்குப் போயிருக்கிறாள், நாளைக்குத்தான் வருவாள். நர்ஸும் வரவில்லை. புண்ணின் கட்டை நான்தான் மாற்றவேண்டும். இங்கிருந்து பார்க்கிறேன், அம்மா விழித்துக்கொண்டுதான் இருக்கிறாள், விட்டத்தைப் பார்த்தபடி. நான் எழுந்து போனால் கண்ணை மூடிக்கொள்வாள். பிளாஸ்திரியை எடுக்கும்போது வலித்தால், குரல் கொடுக்கவேண்டாம் என்று உதட்டைக் கடித்துக்கொள்கிறாள். நேற்றும் அப்படித்தான் செய்தாள்.

அப்பா